புவாத் கீறிய நீர்மட்டம்

நாற்பத்தேழாம் ஆண்டு ஆவணியில் களனி கங்கை பெருகி வந்த கதையை நான் எடுத்தால் போதும், வெள்ளவத்தைக் கடற்கரையில் என்னோடு நடக்க வருகிற பென்ஷன்காரர்கள் எல்லோருக்கும் திடீரென்று வீட்டில் வேலை வந்துவிடும். வரட்டும். கிராண்ட்பாஸ் ட்ராமில் ஒரு முதலை ஏறியது. கொண்டக்டர் டிக்கட் கேட்டதும் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது. மட்டக்குளியில் ஒரு சேவல் கூரையில் குந்தியிருந்து படகுகளுக்கு வழி காட்டியது. ஒரு மனிதர் கட்டிலில் படுத்தவர் படுத்தபடியே முகத்துவாரம் வரை மிதந்து போய், அங்கே யாரோ தட்டி எழுப்பியபோது, "இறங்கிற இடம் வந்திட்டுதோ?" என்று கேட்டாராம். வருமான வரிக் கந்தோரில் தலைமயிர் முழுவதையும் உதிர்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன்: இவற்றுக்கெல்லாம் தேய்மானக் கழிவு வேண்டிய அளவு கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள். மர்ஸூக் முதலாளியின் கிடங்கில் நடந்ததற்கு மட்டும் கழிவு கிடையாது. அங்கே நான் இருந்தேன்.

மர்ஸூக் முதலாளி கொட்டாஞ்சேனையில் கித்துள் மரத்துக் கருப்பட்டிக்கு மொத்த வியாபாரி. உலகச் சண்டைக் காலத்திலிருந்து சீனி கூப்பனுக்குத்தான். கூப்பன் சீனி ஒரு வீட்டுக்கு வந்து சேருவதற்குள் எறும்புகளுக்கே பங்கு போதாமல் அவை சங்கம் அமைத்துப் போராடின. அதனால் ஊர் முழுக்க, உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தது. முதலாளிக்கு நல்ல காலம். நாற்பத்தாறில் நல்ல இலாபம். அந்த இலாபம் முழுவதையும் அவர் மறுபடி கருப்பட்டியாக மாற்றி, நோன்புக்கும் பெருநாளுக்கும் விற்கலாமென்று கிடங்கில் அடுக்கினார். கங்கை வந்து குடித்துவிட்டுப் போனது.

இங்கேதான் வரிச் சட்டத்தின் குறும்பு. போன வருஷத்து இலாபத்துக்கு இந்த வருஷம் வரி. இலாபம் ஆற்றோடு போனாலும் அதன் வரி தரையில் நின்றது. முதல் கடிதம் போனது, இரண்டாவது போனது, மூன்றாவதாக, நீதிமன்றக் கட்டளைப்படி ஏலம் விடுகிற பிஸ்கால் ஆட்கள் போய் வீட்டுக் கதவில் அறிவித்தல் ஒட்டினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை தம்பட்டம் அடித்து வீட்டை ஏலம் விடுவார்கள். முதலாளி பிறந்த வீடு. அவருடைய வாப்பா மௌத்தான வீடு.

ஒரே ஒரு வாசல் திறந்திருந்தது. வெள்ளத்தில் சரக்கு இழந்த வியாபாரிகளுக்கு வரித் தள்ளுபடி கொடுக்கலாம் என்று எங்கள் கந்தோருக்கு உத்தரவு வந்திருந்தது. அசெஸர் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து, "ஓம், இங்கே வெள்ளம் வந்தது, இவ்வளவு உயரம் வந்தது, இவ்வளவு சரக்கு போனது" என்று எழுத வேண்டும். அதற்கு இடத்துக்காரர், சுவரில் தண்ணீர் நின்ற அடையாளத்தைக் காட்ட வேண்டும். முதலாளி விண்ணப்பம் போட்டிருந்தார். கிடங்கில் இருந்தது முழுவதும் போய்விட்டது என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதியிருந்தார். அதைப் பார்க்கப் புறப்பட்டவர் இராஜநாயகம்.

இராஜநாயகம் என்றால் யாரென்று நினைக்கிறீர்கள்? வெள்ளவத்தையில் எனக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஆள் குடைக்கம்பி மாதிரி. அவர் ஒரு கடைக்குள் நுழைந்தால் கல்லாப்பெட்டி தானாகத் திறந்து கணக்குச் சொல்லும். சிரித்துப் பார்த்தவர் யாருமில்லை. ஒருமுறை சிரித்ததாக அவருடைய பெண்சாதி சொன்னார், அது கொட்டாவி என்று பிறகு தெரிய வந்தது. வெள்ளத் தள்ளுபடிக்கு வந்த விண்ணப்பங்களில் அந்த மாதம் அவர் போய்ப் பார்த்தவை அத்தனையும் நிராகரிப்பு. நான் அவருக்குக் கிளார்க். அவர் சொல்ல நான் எழுத வேண்டும். "நிராகரிக்கப்படுகிறது" என்ற சொல்லை எழுதி எழுதி, தூக்கத்திலும் என் கை போர்வையில் அதைத்தான் எழுதியது.

நாங்கள் போவதற்கு முதல் நாள் அந்த வீட்டில் நடந்ததைப் பிறகு புவாத்தே எனக்குச் சொன்னான். புவாத் முதலாளியின் மனைவி ஸமீமாவின் தம்பி. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கந்தோரிலிருந்து ஆள் வரப்போகிறது, சுவர் அடையாளத்தைக் காட்டத் தயாராக இருங்கள் என்ற செய்தி வந்ததும், முதலாளி மகிழ்ச்சியோடு கிடங்குக்கு இறங்கினார். இறங்கினவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சுவர் பளீரென்று வெள்ளை.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்து போயிருந்தது. பெருநாளுக்கு முன் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்காவிட்டால் பெருநாள் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்பது ஸமீமாவின் உறுதியான நம்பிக்கை. வெள்ளம் வந்த வருஷம் என்றால் இரட்டைப் பூச்சு. வீட்டுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை வீணாக்காமல் கிடங்குச் சுவர்களுக்கும் அடிப்பித்திருந்தார். களனி கங்கை எழுதிவிட்டுப் போன சாட்சியம் முழுவதும் சுண்ணாம்புக்குள் அடங்கிப் போயிருந்தது.

"அழாதீங்க மச்சான்," என்றான் புவாத். "அடையாளம் தானே? நான் கீறித் தாரன்."

"அடே, கோடு ஒண்டு ஈக்கவே இல்லயேடா. தண்ணி ஓட்டுக்கு மேலால போன. சுவரு முழுக்க அடியில இருந்து மேல வரைக்கும் சேறுதானே ஈந்த."

"ஓட்டுக்கு மேலால எண்டு செல்லப் போறீங்களா? கோட்டையில காத்தாடிக்குக் கீழ குந்தியிருக்கிற தொரமார் நம்புவாங்களா? பொய் செல்றான் எண்டு அப்பவே ஏலம் போட்டுருவாங்க. நெஞ்சு மட்டத்துக்குக் கீறுவம். மரியாதையான வெள்ளம். பாக்கிறவனுக்கும் கஷ்டமில்ல."

முதலாளி வேண்டாமென்று சொன்னார். ஆனால் வெள்ளிக்கிழமை கண்ணுக்கு முன் நின்றது. வேண்டாமென்று சொல்லச் சொல்ல, சேற்றையும் தேயிலைச் சக்கையையும் குழைக்க வாளி பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான்.

மறுநாள் காலை நானும் இராஜநாயகமும் போய்ச் சேர்ந்தோம். வீடு மேட்டில். வீட்டுப் பின்கதவைத் திறந்தால் கல்படிகள் கிடுகிடுவென்று பள்ளத்துக்கு இறங்கும். அடியில் ஓட்டுக் கூரையோடு கிடங்கு. முதலாளி முன்னால் இறங்கினார், பெரிய உடம்பு, தொப்பி, வெள்ளைச் சாரம். அவருடைய கழுத்து வியர்வை அந்தப் படிகளை இரண்டாவது முறை வெள்ளத்தில் ஆழ்த்தியது. புவாத் பின்னால் வந்தான். நாங்கள் இறங்கியதும் பின்கதவு மெல்லச் சாத்தப்பட்டது, முழுவதும் சாத்தப்படவில்லை. உள்ளே ஒரு வளையல் சத்தம்.

கிடங்கில் சுவரோடு சுவராகப் பலகைத் தட்டுகள், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, தரையிலிருந்து கூரைவரை. பாரம் தாங்காமல் நொறுங்கும் சரக்கு என்பதால் கருப்பட்டியைக் குவித்து வைப்பதில்லை, தட்டுத் தட்டாக அடுக்குவார்கள். எல்லாத் தட்டும் கழுவித் துடைத்த வெறுமை. தட்டுகளுக்குப் பின்னால் வெண்சுவர். அதில் நெஞ்சு மட்டத்தில், கிடங்கைச் சுற்றி ஒரு மண்நிறக் கோடு.

என்ன கோடு! புவாத் தன் கைவரிசை முழுவதையும் காட்டியிருந்தான். அங்கங்கே அலை அடித்தது போல் நெளிவு, மூலைகளில் நுரை நின்றது போல் புள்ளி. ஒரு இடத்தில் தவளை ஒன்று ஒட்டிக் காய்ந்த தடம்கூட இருந்ததாக எனக்கு ஞாபகம்.

"நல்ல கோடு," என்றார் இராஜநாயகம்.

புவாத்தின் முகம் மலர்ந்தது. பாவம், அந்த மனிதர் எதையாவது நல்லது என்று சொன்னால் அதற்குப் பிறகு என்ன வரும் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பேனாவைத் திறந்து பிடித்தேன்.

"சிவானந்தன், அந்தச் சுவரோட நில்லும். ஓம். நெஞ்சு மட்டம். எழுதும்." எழுதினேன். "முதலாளி, கருப்பட்டி எப்பிடி அடுக்கியிருந்தது?"

"தட்டு நெறய ஐயா. கீழ இருந்து மேல, ஓட்டுக்கு ஒரு சாண் வரைக்கும்."

"மேல் தட்டிலயும்?"

"ஓம் ஐயா. மேல் தட்டுலதான் கூட. நல்ல சரக்கு மேலதானே வெக்கிற."

"எல்லாம் போயிட்டுதோ?"

"ஒரு துண்டு மிஞ்சல்ல ஐயா. அல்லாஹ் அறிய."

இராஜநாயகம் குடையைக் கையிலிருந்து கைக்கு மாற்றினார். அவர் குடை மாற்றினால் யாரோ ஒருவருக்கு நாள் சரியில்லை என்று அர்த்தம்.

"தண்ணி நெஞ்சு மட்டம்," என்றார். "கருப்பட்டி கூரை மட்டம். தட்டுகள் விழவில்லை, அப்பிடியே நிக்குது. அப்ப நெஞ்சுக்கு மேல இருந்த கருப்பட்டி எப்பிடிக் கரைஞ்சது? பயத்திலயோ?"

வெளியே ஆற்றுப் பக்கம் ஒரு காகம் கரைந்தது. அதுவும் கேள்வியை விளங்கிக்கொண்டு பாதியில் நிறுத்திவிட்டது.

"ஈரக்காத்து ஐயா," என்றான் புவாத். "ஆத்துக் காத்து. கருப்பட்டிக்கு அது ஆகா. உருகிப் போற."

"அப்பிடியோ? என்ரை வீடு கடலுக்குப் பக்கத்தில. குசினியில கருப்பட்டிப் போத்தல் வருஷக் கணக்கா இருக்குது. காத்தில உருகினதை நான் காணேல்ல." அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "நான் சொல்லட்டோ? கீழ் தட்டு நனைஞ்சது உண்மையா இருக்கலாம். மேல் தட்டுச் சரக்கை நீங்கள் வெள்ளத்துக்குப் பிறகு, சீனியும் இல்லாமல் கருப்பட்டியும் இல்லாமல் சனம் அலைஞ்ச நேரத்தில, கேட்ட விலைக்கு வித்திட்டு, இப்ப எல்லாத்தையும் ஆத்தின்ரை தலையில போடுறீங்கள்."

முதலாளி தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். தண்ணீர் கூரைக்கு மேல் போனது என்று சொன்னால், அப்படியானால் இந்தக் கோடு என்ன என்று கேட்பார். கோடு பொய் என்று சொல்ல வேண்டும். கோடு மெய் என்று நின்றால், சரக்கை ஒளித்து விற்றவன் ஆவார். இந்தப் பக்கம் போனாலும் ஏலம், அந்தப் பக்கம் போனாலும் ஏலம். ஒரு துளிகூடப் பொய்யில்லாத நட்டத்தை, மைத்துனன் ஒரு வாளிச் சேற்றால் மோசடியாக்கியிருந்தான்.

இராஜநாயகம் சுவரை நெருங்கினார். சுட்டுவிரலால் கோட்டை ஒரு இழுப்பு இழுத்தார். விரல் மண்ணிறமானது. மூக்கருகே கொண்டுபோனார்.

"தேயிலை," என்றார்.

புவாத் தன் விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"நேத்துக் கீறியிருக்கிறியள். சிவானந்தன், எழுதும். பரிசோதனை உத்தியோகத்தருக்குப் பொய் அடையாளம் காட்டப்பட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. சட்ட நடவடிக்கைக்கு—"

"எழுதாதீங்க!"

படிகளின் மேலிருந்து குரல். பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. முக்காட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"ஆர் அது?"

"என்ட வீட்டுக்காரி ஐயா," என்றார் முதலாளி.

"அந்தக் கோடு பொய்தான்," என்றார் ஸமீமா. "சுவருக்கு வெள்ள அடிப்பிச்சது நான். அத மறைக்கக் கோடு கீறின மூள எங்கட உம்மாட கடைசிப் புள்ளட மூள. அவனப் புடிச்சிக் கொண்டுபோறெண்டா கொண்டுபோங்க, சோறு மிச்சம். ஆனா கோடு பொய்யெண்டதுக்காக வெள்ளத்தயும் பொய்யெண்டு எழுத ஏலா. ரெண்டயும் ஒண்டாக் கட்டாதீங்க."

"ராத்தா!" என்றான் புவாத்.

"வாயப் பொத்து."

இராஜநாயகம் கதவைப் பார்க்காமல், சுவரைப் பார்த்தே பதில் சொன்னார். அவருடைய மரியாதை அப்படி. "அம்மா, கோடு பொய்யெண்டா வெள்ளத்துக்குச் சாட்சி என்ன? அயலட்டைச் சாட்சி சொல்லாதேங்கோ. இந்தத் தெருவில ஆளுக்காள் மாறிமாறிச் சத்தியம் பண்ணுவினம். எனக்கு ஒரு அடையாளம் வேணும்."

"அடையாளம் எங்க ஈக்கப் போற? தண்ணி ஓட்டுக்கு மேலால போன. எங்கட வாசப்படிய மோந்து பாத்துட்டுத்தான் திரும்பின. நீங்க சுவரத் தடவித் தடவிப் பாக்குறீங்க! நான் வெள்ள அடிப்பிச்சது சுவருக்கு மட்டுந்தான். மேல ஒருத்தனும் கை வெக்கல்ல. மேல பாருங்களே!"

நாங்கள் நால்வரும் அண்ணாந்து பார்த்தோம். சிரிக்காதீர்கள். அதுவரை ஒருவரும் பார்க்கவில்லை. கந்தோர் கேட்டது சுவர் அடையாளம், முதலாளி பார்த்தது சுவர், புவாத் கீறியது சுவரில், இராஜநாயகம் நுகர்ந்தது சுவரை. கூரைக்கு ஓர் ஆள் இருக்கவில்லை.

மேலே இருட்டு. ஓடுகளின் இடுக்கில் ஒன்றிரண்டு வெளிச்சப் புள்ளி. ஒட்டடை, சைவக் கடையில் தோரணம் போல.

"சிவானந்தன், ஏறும்."

"ஐயா, ஏணி—"

"தட்டில ஏறும்."

வெள்ளத்தில் ஊறிய பலகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்தது மாதிரி. நான் சிவனொளிபாதமலை ஏறியவன், ஒரு தரம் கடற்படைக் கப்பலின் பாய்மரத்திலும் ஏறியவன் (அந்தக் கதை இன்னொன்று, அதற்குக் கழிவு அதிகம்). அந்தத் தட்டுகளுக்கு முன்னால் அவை தொட்டில். இரண்டாவது தட்டு முனகியது. நான்காவது தட்டு என் காலோடு பேசிவிட்டு உடைந்தது. நான் குறுக்குமரத்தில் இரண்டு கையாலும் தொங்கினேன். கீழே முதலாளி "யா அல்லாஹ்" என்று கைகளை ஏந்தினார். என்னைப் பிடிக்கவா, துஆ கேட்கவா என்று தெரியவில்லை.

"என்ன இருக்குது?" என்றார் இராஜநாயகம்.

"ஒட்டடை ஐயா. ஒரு பல்லி. அதுவும் கோபமா இருக்குது."

"தண்ணி வந்ததுக்கு?"

கையால் துழாவினேன். மரத்தின் அடிப்பக்கம் தூசி, மேற்பக்கமும் தூசி. ஆற்றுச் சேறு காய்ந்ததா, எந்தக் கூரையிலும் இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாத தூசி.

"ஒண்டும் இல்லை ஐயா."

கீழே குடை மறுபடி கை மாறும் சத்தம் கேட்டது. "இறங்கும்," என்றார். கதவுக்குப் பின்னால் வளையல் சத்தமும் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமைத் தம்பட்டம் இப்போதே என் காதில் அடித்தது.

இறங்குவதற்குப் பிடி வேண்டி, ஓட்டுக்கும் கைமரத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் கையைச் செருகினேன். சரசரவென்று ஏதோ என் விரல்களில் நொறுங்கியது. பாம்பு என்று நினைத்துக் கத்தினேன். மட்டக்குளி வரை கேட்டிருக்கும், களனி விகாரையில் அதையே மணி என்று நினைத்து, மணி அடிக்காமல் விட்டிருப்பார்கள். கையை இழுத்தபோது, காய்ந்து தடித்த ஆற்றுச் செடி ஒரு பிடி வந்தது. அப்போது குளம் குட்டை எல்லாம் பாய் போல் மூடிக் கிடந்த சல்வீனியா. தண்ணீரில் மிதக்கிற அந்தச் செடி தானாகக் கூரைக்கு ஏறாது. அதோடு சேர்ந்து இன்னொரு பொருள் கழன்று, காற்றில் ஆடி ஆடி இறங்கி, இராஜநாயகத்தின் சப்பாத்துக்கு முன்னால் விழுந்தது. பஞ்சுபோல் விழுந்தது, சத்தமே இல்லை.

வாழைச்சருகுப் பொட்டலம். மலைநாட்டுச் சிங்களக் கிராமங்களிலிருந்து கித்துள் கருப்பட்டி அப்படித்தான் வரும். சிரட்டையில் வார்த்த இரண்டு பாதிகளைச் சேர்த்து, சருகில் சுற்றி, நாரால் இறுக்கி ஒரு முடிச்சு. அந்த நாரை வெட்டாமல் உள்ளே இருப்பதை எடுக்க யாராலும் முடியாது.

இராஜநாயகம் குனிந்து எடுத்தார். கையில் வைத்து நிறுத்தார். நிறுக்க ஒன்றுமில்லை. நாரைத் தடவி முடிச்சைத் தேடினார். இருந்தது, கட்டியவன் கட்டியபடி. சருகைக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓர் ஓட்டையால் உள்ளே பார்த்தார். அந்தப் பார்வை முடிய ஒரு யுகமானது. முதலாளி மூச்சு விடவில்லை. அவர் சேமித்துவைத்த மூச்சில் ஒரு பாய்க்கப்பல் தூத்துக்குடி போய்வந்திருக்கும்.

"உள்ளுக்கு ஒண்டுமில்லை," என்றார் இராஜநாயகம் மெதுவாக. "முடிச்சும் அவிழேல்ல. சிவானந்தன், இன்னும் இருக்குதோ?"

மறுபடி கையைச் செருகினேன். ஓடு நெடுக, ஒவ்வொரு இடுக்கிலும், தண்ணீர் தூக்கிக்கொண்டுபோய்ச் சொருகிவிட்டு இறங்கிய வெற்றுப் பொட்டலங்கள். "கூரை முழுக்க இருக்குது ஐயா!" என்று கத்திக்கொண்டே இழுத்து இழுத்துப் போட்டேன். சருகு மழை. இராஜநாயகத்தின் தொப்பியில், முதலாளியின் தோளில், புவாத்தின் திறந்த வாயில். ஒவ்வொன்றையும் அவர் எடுத்து முடிச்சைப் பார்த்தார். அவசரப்படவில்லை. வெட்டிய நார் ஒன்றாவது வருமா என்று தேடினார் என்பது எனக்கு மேலிருந்தே விளங்கியது. ஒன்று வந்தாலும் போச்சு.

வரவில்லை.

முதலாளி ஒரு பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். புவாத்தின் கோடு அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகில் நேராகப் பதிந்தது.

"இப்ப இந்தக் கோட்டுக்கு என்ன செய்யிறது?" என்றார் இராஜநாயகம். அதைத் தன்னிடமே கேட்டார். "காணேல்லையெண்டு எழுத ஏலாது. கண்டனான். பொய் அடையாளம் எண்டா, ஒருத்தர் தனக்கு இலாபம் வரக் காட்டிறது. இந்த மனிசர் தனக்கு நட்டம் வரக் காட்டியிருக்கிறார். ரெண்டு ஆள் உயரத் தண்ணியை நெஞ்சு மட்டத்துக்கு இறக்கியிருக்கிறார். இதுக்குச் சட்டத்தில பிரிவு இல்லை." புவாத்தைப் பார்த்தார். "ஏன் காணும் இப்பிடிச் செய்தனீர்?"

"உள்ளதச் சென்னா நம்ப மாட்டீங்க எண்டு, ஐயா."

இராஜநாயகம் விரலில் இருந்த தேயிலையைக் கைக்குட்டையில் துடைத்தார். "அதுவும் சரிதான்," என்றார்.

அறிக்கையை அவர் சொல்ல நான் எழுதினேன். கோட்டையும் எழுதினோம், கூரையையும் எழுதினோம், முடிச்சுகளையும் எழுதினோம். தீர்ப்பு அவர் கையில் இல்லை. மேலே இருந்த வெள்ளைக்காரத் துரையின் கையில். அவர் சுதந்திரம் வருவதற்கு முன் ஊருக்குக் கப்பலேறப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். கோட்டையில் அவருடைய மேசையில் விழுந்த கடதாசிகள் திரும்பி வர மாதக் கணக்காகும் என்று பேச்சு. இராஜநாயகம் அறிக்கையைத் தபாலில் போடவில்லை. சருகுப் பொட்டலங்கள் நிறைந்த ஒரு சாக்கைத் தானே தூக்கிக்கொண்டு துரையின் அறைக்குள் போனார். உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. துரை தும்மிய சத்தம் மட்டும் துறைமுகம் வரை கேட்டது.

செவ்வாய் போனது. புதன் போனது. வியாழன் மத்தியானம்வரை ஒன்றுமில்லை. பிஸ்காலின் தம்பட்டக்காரன் கொட்டாஞ்சேனைச் சந்தியில் தோலைச் சூடுகாட்டிக்கொண்டு இருந்தான் என்று புவாத் ஓடிவந்து சொன்னான். பின்னேரம் கந்தோர் மூடுகிற நேரத்தில்தான் உத்தரவு கீழே வந்தது. இராஜநாயகம் அதை வாசித்தார். கொட்டாவியா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாத ஒன்று அவர் முகத்தில் வந்து போனது.

"ஓடும் சிவானந்தன். ட்ராமுக்கு நிக்காதையும்."

ஓடினேன். என்னை முந்த முயன்ற ட்ராம் ஒன்று வெட்கப்பட்டுத் தரித்து நின்றது.

வீட்டு முன்னறையில் முதலாளி, புவாத். உள்ளறைத் திரைக்குப் பின்னால் ஸமீமா. மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். ஏலம் இல்லை. வீடு வீடாகவே இருக்கும். வழக்கும் இல்லை. முதலாளி நாற்காலியில் இருந்து எழுந்து, மறுபடி இருந்து, மறுபடி எழுந்தார்.

"ஆனால்," என்றேன்.

"ஆனா?" என்றது திரை.

துரை வெள்ளத்தை நம்பினார். முடிச்சுகளை நம்பினார். ஆனால் துரை ஒரு துரை. விண்ணப்பகாரரின் தரப்பே நீர்மட்டம் இது என்று காட்டியிருக்கிறபடியால், அதற்குக் கீழே இருந்த தட்டுகளுக்கு மட்டும் தள்ளுபடி. மேல் தட்டுச் சரக்குக்கான வரி அப்படியே நிற்கும். தவணையாகக் கட்டலாம்.

"மேல் தட்டுலதான் நல்ல சரக்கு ஈந்த," என்றார் முதலாளி, தனக்குத்தானே.

புவாத் மோவாயைத் தடவினான். "நான் ஒரு முழம் மேல கீறியிருந்தா—"

திரை அசைந்தது. அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

"தவணக்கி எவ்வளவு காலம்?" என்றார் ஸமீமா. சொன்னேன். "சரி. புவாத், நாளக்கி வெள்ளாப்பு எழும்பி மெயின் ஸ்ட்ரீட் முழுக்கப் போ. பேர்ப்பலக இல்லாத கடைக்குப் பலக எழுது. பலக ஈக்கிற கடைக்குத் திருத்தி எழுது. வார கூலி இந்த வீட்டுக்கு. மேல் தட்டு நீ கட்டிற."

"எல்லாமா ராத்தா?"

"நீ கீறின கோட்டுக்கு மேல உள்ளது எல்லாம்."

அடுத்த வருஷம் முழுக்கப் புவாத் எழுதினான். கொட்டாஞ்சேனையில் பெயரில்லாத பெட்டிக்கடைக்கும் பெயர் வந்தது. ஒரு கசாப்புக் கடைக்கு மூன்று பலகை. தள்ளுவண்டிக்காரன் ஒருவன், பலகை வேண்டாமென்று ஓடினவன், ஓடுகிற வேகத்திலேயே முதுகில் விலாசம் எழுதப்பட்டுப் போனான். கடைசித் தவணையைக் கட்டப் புவாத் தானே எங்கள் கந்தோருக்கு வந்திருந்தான். விரல் இடுக்கெல்லாம் சாயம். கவுண்டரில் ரசீது வாங்கிக்கொண்டு, அறைக் கதவுகளை மேலும் கீழும் பார்த்தான்.

"இராஜநாயகம் ஐயாட கதவுல பேரு அழிஞ்சி போயிருக்கே," என்றான் என்னிடம், காசு கேட்கிற குரலில் இல்லாமல். "எழுதித் தரட்டா?"